வேலை தேடும் இளைஞர்களையும் நிறுவனங்களையும் இணைக்கும் உள்ளூர் மையம்: முகாமைத் தாண்டி என்ன செய்வது?

ஊர்வேலைக்குழு (கேள்வி):

தொழிற்பயிற்சி நிலையம், சிறுதொழில் முனைவோர் சங்கம், உள்ளாட்சி, ஒரு தொண்டு அமைப்பு என நான்கு தரப்பும் சேர்ந்து 18 முதல் 25 வயது வரை உள்ளவர்களுக்கு ஒரு வேலை இணைப்பு மையம் தொடங்கப் போகிறோம். இதுவரை நடந்ததெல்லாம் வேலைவாய்ப்பு முகாம்தான். கூட்டம் வருகிறது, நிறுவனங்கள் மேசை போட்டு உட்காருகின்றன, அன்றைக்கே சிலருக்கு நியமனக் கடிதமும் கிடைக்கிறது. மூன்று மாதம் கழித்து விசாரித்தால் வேலையில் இருப்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். நிறுவனங்களைக் கேட்டால் "ஆளே கிடைப்பதில்லை" என்கிறார்கள். பிள்ளைகளைக் கேட்டால் "வேலையே இல்லை" என்கிறார்கள்.

முகாமுக்குச் செலவாகும் பணத்தை வேறு எதில் போடலாம்? நிறுவனங்களிடம் முதலில் என்ன கேட்டு வாங்க வேண்டும்? முழுநேர ஊழியர் மூன்று பேர்தான். ஒருவர் எத்தனை பேரைக் கவனிக்க முடியும்? புதிதாகச் சேர்பவரின் சம்பளத்தில் ஒரு பங்கை முதல் சில மாதம் நிறுவனத்துக்குத் திருப்பிக் கொடுக்கவும் நிதி இருக்கிறது. அதை எப்படிக் கொடுத்தால் வீணாகாது? பொதுவான அறிவுரை வேண்டாம், செய்முறையாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

பணிமனைப்பக்கம்:

முகாமில் ஏன் ஆள் தேறுவதில்லை என்பதை முறையாகவே ஆராய்ந்திருக்கிறார்கள். எத்தியோப்பியத் தலைநகர் அடிஸ் அபாபாவில் சிலரைக் குலுக்கல் முறையில் முகாமுக்கு அழைத்து, அழைக்காதவர்களோடு ஒப்பிட்டார்கள். கலந்துகொண்ட நிறுவனங்கள் பத்துக்கு ஒருவர் என்ற அளவில்தான் வேலைக்குச் சேர்ந்தார்கள். வேலை தேடியவர்கள் எதிர்பார்த்த சம்பளம் ஒரு பக்கம், நிறுவனங்கள் எதிர்பார்த்த அனுபவம் இன்னொரு பக்கம், இரண்டும் நடைமுறைக்கு ஒட்டவில்லை. ஜோர்டானில் இன்னும் ஒரு படி மேலே போய், படித்த இளைஞர்களுக்குத் தேர்வு வைத்து, பொருத்தமான நிறுவனத்தைத் தேடிப்பிடித்து நேர்காணல் வரை ஏற்பாடு செய்து கொடுத்தார்கள். 28 சதவீத வாய்ப்புகளில் பிள்ளைகள் நேர்காணலையே வேண்டாம் என்றார்கள். வேலை கிடைத்த இடங்களில் 83 சதவீதத்தில் மறுத்தார்கள் அல்லது சேர்ந்து சீக்கிரமே விட்டுவிட்டார்கள். ஆக, இரு தரப்பையும் ஒரே கூரையின் கீழ் உட்கார வைப்பது மட்டும் போதாது. அந்த வேலை என்ன வேலை என்பதே முதலில் தெளிவாக வேண்டும்.

அதனால் முகாமைத் தள்ளி வைத்துவிட்டு, ஒவ்வொரு காலியிடத்துக்கும் ஒரு பக்கத்தில் ஒரு வேலைத்தாள் தயாரியுங்கள். நிறுவனம் மின்னஞ்சலில் அனுப்பும் விளம்பரத்தை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அதில் "ஹெல்ப்பர் – 5 பேர், அனுபவம் விரும்பத்தக்கது" என்றுதான் இருக்கும். உங்கள் ஆள் நேரில் போய், வேலை நடக்கும் இடத்தில் ஒரு மணி நேரமாவது நின்று பார்த்து எழுத வேண்டும்.

எழுத வேண்டியவை: ஷிப்ட் தொடங்கும் நேரம், முடியும் நேரம், சுழற்சி உண்டா, நின்று செய்யும் வேலையா, எத்தனை மணி நேரம், தூக்கும் எடை எத்தனை கிலோ, எவ்வளவு அடிக்கடி, சூடு, தூசி, சத்தம், ரசாயன வாடை, லேபிள் படிக்க வேண்டுமா, எந்த மொழியில், கழிப்பறை, உடை மாற்றும் இடம், வார விடுமுறை எந்த நாள், சம்பள தேதி, மொத்தச் சம்பளம் எவ்வளவு, பிடித்தம் போக கைக்கு வருவது எவ்வளவு, ஓவர்டைம் கட்டாயமா, முதல் வாரம் யார் கற்றுக்கொடுப்பார். கடைசியில், பேச்சோடு பேச்சாக இந்தக் கேள்வியையும் கேளுங்கள்: "இந்த இடத்தில் கடைசியாக இருந்தவர் எப்போது போனார், ஏன் போனார்?" மற்ற எல்லாக் கேள்விகளையும்விட இதற்கு வரும் பதில்தான் உங்களுக்குப் பயன்படும். ராத்திரி ஷிப்ட் முடிந்து வீடு திரும்ப வண்டி இல்லை என்பதுதான் காரணம் என்றால், நீங்கள் அனுப்பும் அடுத்த ஆளும் அதே காரணத்துக்காகத்தான் வேலையை விடுவார்.

ஒரு எடுத்துக்காட்டு. நிறுவனம் கேட்பது "சிஎன்சி ஆபரேட்டர், 2 வருட அனுபவம்", அதாவது கணினி வழி இயங்கும் உலோகம் வெட்டும் இயந்திரத்தில் நிற்பவர். நேரில் போய்ப் பார்த்தால் புரோகிராம் எழுதுவதும், டூல் ஆஃப்செட் (வெட்டும் கருவியின் அளவுத் திருத்தம்) மாற்றுவதும், தேய்ந்த இன்சர்ட்டை (வெட்டு முனை) திருப்பிப் போடுவதும் இயந்திரத்தைத் தயார்செய்யும் செட்டரின் வேலை. ஆபரேட்டர் செய்வது: ஜாப்பை (செய்யும் பொருள்) சக்கில் (பிடிப்பான்) பிடித்து, கதவை மூடி, சைக்கிள் ஸ்டார்ட் அழுத்தி, வெளியே எடுத்து, காற்றடித்து, குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு ஒருமுறை கோ–நோகோ கேஜ் (அளவு சரியா தவறா என்று மட்டும் காட்டும் கருவி) போட்டுப் பார்ப்பது. வெர்னியர் அளவுகோலில் 0.02 மில்லிமீட்டர் வரை படிக்கத் தெரிந்தால் நல்லது. இந்த வேலையைச் சில வாரப் பயிற்சியில் கற்றுக்கொடுத்துவிடலாம், இரண்டு வருட அனுபவத்துக்கு அவசியமே இல்லை. அந்த நிபந்தனையை யாரோ பழைய விளம்பரத்திலிருந்து எடுத்து ஒட்டியிருப்பார்கள். இதை உற்பத்தி மேலாளர் முன்னால் வைத்துப் பேசினால் நிபந்தனை இறங்கும். எச்ஆர் (மனிதவளப் பிரிவு) மேசையில் பேசினால் இறங்காது, ஏனென்றால் அதை மாற்றும் அதிகாரம் அவரிடம் இருக்காது.

எச்ஆர் சரி என்று சொல்லி அனுப்பியவரை ஷிப்ட் சூப்பர்வைசர் மறுநாளே திருப்பி அனுப்புவது சகஜம். அதனால் வேலைத்தாளில் சூப்பர்வைசர் கையெழுத்தும் வேண்டும். அது வெறும் சடங்கு இல்லை. கையெழுத்துப் போடும்போதுதான் "எழுதப் படிக்கத் தெரியணும்னு யார் சொன்னது? எனக்கு நேரத்துக்கு வந்தா போதும்" என்பது போன்ற உண்மைகள் வெளியே வரும்.

ஆள் அனுப்பும் எண்ணிக்கை: ஓர் இடத்துக்கு இரண்டு அல்லது மூன்று பேர், அதற்கு மேல் வேண்டாம். முப்பது பேரை அனுப்பினால் வடிகட்டும் வேலை நிறுவனத்தின் தலையில் விழுகிறது. அப்புறம் நீங்கள் எதற்கு? வேலைத்தாள் வாங்கிய இரண்டு நாளுக்குள் ஆள் அனுப்புங்கள், இல்லாவிட்டால் "இன்னும் கிடைக்கவில்லை" என்றாவது சொல்லிவிடுங்கள். பதில் சொல்லாத மையத்துக்கு யாரும் மறுமுறை காலியிடம் தரமாட்டார்கள்.

திறன்மேசை:

மேலே உள்ளது நிறுவனப் பக்கம். பிள்ளைகள் பக்கத்தில் பலரும் கோட்டைவிடும் சில இடங்களைச் சொல்கிறேன்.

முதலில் தொலைபேசி எண். சிரிக்காதீர்கள். பதிவான எண்ணில் ஆளைப் பிடிக்க முடியாமல் போவதுதான் பெரும்பாலான மையங்களில் முதல் இழப்பு. ரீசார்ஜ் தீர்ந்திருக்கும், சிம் மாறியிருக்கும், எண் அண்ணனுடையதாக இருக்கும். பதியும்போதே மூன்று எண் வாங்குங்கள்: சொந்த எண், வீட்டில் உள்ள ஒருவர், அடிக்கடி சந்திக்கும் நண்பர். வாங்கிய இடத்திலேயே ஒருமுறை அழைத்துச் சரிபாருங்கள். தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் எடுக்காத பழக்கம் பலருக்கு உண்டு. அதனால் மையத்தின் எண்ணை அவர்கள் போனில் பெயர் போட்டுச் சேமிக்க வைத்த பிறகு அனுப்புங்கள்.

அடுத்தது சான்றிதழ். பள்ளிச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் வேறு எழுத்து, வங்கிக் கணக்கில் முதலெழுத்து இல்லை. வேலை உறுதியான பிறகு இது தெரியவந்தால் திருத்துவதற்குள் இடம் போய்விடும். பதிவு நாளிலேயே மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, வித்தியாசம் இருந்தால் அன்றே திருத்த விண்ணப்பம் போட வையுங்கள்.

திறன் மதிப்பீடு பற்றி. தென்னாப்பிரிக்காவில் இளைஞர்களுக்குத் தேர்வு வைத்து, முடிவுகளை நிறுவனங்களிடம் காட்டக்கூடிய சான்றிதழாகக் கொடுத்தபோது வேலையில் இருப்போர் விகிதம் 17 சதவீதம் கூடியது, வருமானம் 34 சதவீதம் கூடியது. தேர்வு முடிவைப் பிள்ளைகளுக்கு மட்டும் சொல்லி, நிறுவனத்திடம் காட்டத் தகுந்த வடிவில் கொடுக்காதபோது பலன் குறைவாகவே இருந்தது. ஆகவே உங்கள் சான்றில் மையத்தின் பெயர், தேர்வு நடத்திய முறை, எதில் எந்த நிலை என்பதெல்லாம் இருக்க வேண்டும். "கலந்துகொண்டார்" என்று மட்டும் சொல்லும் தாளை எந்த நிறுவனமும் மதிக்காது. எண்கணிதம், படித்துப் புரிதல், கவனம், சொன்ன வரிசையில் செய்தல் போன்ற நாலைந்தைப் பிரித்துக் காட்டுங்கள். எல்லாருக்கும் "மிக நன்று" போட்டு அனுப்பினால் இரண்டாவது மாதமே சான்றுக்கு மதிப்பு போய்விடும்.

பரிந்துரைக் கடிதமும் அதே வகை. அங்கேயே நடந்த இன்னொரு ஆய்வில், முன்பு வேலை கொடுத்தவரின் கடிதத்தை விண்ணப்பத்தோடு இணைத்தபோது நிறுவனங்கள் திரும்ப அழைப்பது 60 சதவீதம் கூடியது. ஆனால் அப்படிக் கடிதம் இணைப்பவர்களே அரிது. முழுநேர வேலை அனுபவம் இல்லாவிட்டாலும், விடுமுறையில் கடையில் நின்றிருப்பார், திருமண மண்டபத்தில் பரிமாறியிருப்பார், யாருடைய பட்டறையிலாவது கையாளாக இருந்திருப்பார். அந்த ஆளிடம் கேட்டு வாங்கலாம். படிவத்தை நீங்களே அச்சடித்துக் கொடுங்கள்: நேரம் தவறாமை, நம்பகம், கற்கும் வேகம், மற்றவர்களோடு பழகும் விதம், ஒவ்வொன்றுக்கும் நாலு கட்டம், கீழே தொலைபேசி எண், கையெழுத்து. வெற்றுத்தாளைக் கொடுத்தால் யாரும் எழுதித் தரமாட்டார்கள்.

வேலை தேடும் திட்டத்தை எழுத வைப்பதும் செலவில்லாத வேலை. எந்த நாளில், எத்தனை மணிக்கு, எந்த நிறுவனத்துக்கு, எந்த வழியில் விண்ணப்பிப்பது என்று வாரத்துக்கு ஒரு தாள். இப்படித் திட்டம் எழுதியவர்கள் 15 சதவீதம் அதிகமாக விண்ணப்பித்தார்கள் என்றும், வேலையில் இருப்போர் விகிதம் 26 சதவீதம் கூடியது என்றும் தென்னாப்பிரிக்கக் கணக்கு. தேடச் செலவிட்ட நேரம் கூடவில்லை, தேடிய விதம்தான் மாறியது. பக்கத்துக் கடையில் கேட்டுப் பார்ப்பதோடு நிற்காமல் பல வழிகளிலும் தேடினார்கள்.

வீட்டாரைப் பற்றி ஒரு வார்த்தை. குறிப்பாகப் பெண் பிள்ளைகளுக்கு, வேலைத்தாளை வீட்டில் உள்ளவர் கையில் கொடுத்துப் பேசிவிடுங்கள். எத்தனை மணிக்குத் திரும்புவாள், யாரோடு வருவாள், மேற்பார்வையாளர் யார் என்ற மூன்று கேள்விக்குப் பதில் இல்லாமல் அனுப்பினால் மூன்றாம் நாள் நிறுத்திவிடுவார்கள்.

முகாம்வாதி:

முகாமை இப்படி ஒரேயடியாக ஓரங்கட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. பணிமனைப்பக்கம் சொன்ன அடிஸ் அபாபா ஆய்வின் இரண்டாம் பாதியையும் சொல்ல வேண்டும். முகாமில் வேலை கிடைக்கவில்லைதான். ஆனால் அதிகம் படிக்காதவர்கள் அங்கே வந்து போன பிறகு சம்பள எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொண்டு, இன்னும் முனைப்பாகத் தேடி, பின்னால் வேறு இடங்களில் மேலான வேலையில் சேர்ந்தார்கள். நிறுவனங்களும் ஆள் தேடும் முறையை மாற்றிக்கொண்டன. அதாவது முகாம் சந்தை நிலவரம் தெரிந்துகொள்ளும் இடமாகப் பயன்பட்டது. அதற்காகவே நடத்துவதில் தவறில்லை, முறையைத்தான் மாற்ற வேண்டும்.

ஒரு முகாமுக்கு ஒரே தொழில். கிடங்கு என்றால் கிடங்கு, மருத்துவமனை உதவிப் பணி என்றால் அது மட்டும். ஆறிலிருந்து எட்டு நிறுவனம் போதும். ஒவ்வொரு மேசைக்கும் 15 நிமிடச் சந்திப்பு, 4 மணி நேரத்தில் 16 பேர், நேரச்சீட்டு முன்கூட்டியே. வாசலில் பெரிய பலகையில் ஒவ்வொரு வேலைக்கும் கைக்கு வரும் சம்பளம், ஷிப்ட், தூக்கும் எடை. சம்பளத்தைப் பலகையில் போட மறுக்கும் நிறுவனத்துக்கு மேசை கிடையாது. முதல் முறை முணுமுணுப்பார்கள், பக்கத்து மேசைக்காரர் போட்டதும் போடுவார்கள்.

மேசையில் எச்ஆர் உட்காரலாம், ஆனால் அருகில் அந்த வேலையைச் செய்யும் ஒரு தொழிலாளியும் உட்கார வேண்டும். மேலாளரிடம் கேட்கத் தயங்கும் பிள்ளை, "அண்ணே, சாப்பாட்டுக்கு எவ்வளவு நேரம் விடுவாங்க?" என்று அவரிடம் தாராளமாகக் கேட்பான். மேடை, மாலை, சிறப்பு விருந்தினர் உரை எல்லாவற்றையும் வெட்டினால் ஒன்றரை மணி நேரம் மிஞ்சும்.

ஊர்வேலைக்குழு:

மூவருக்கும் நன்றி. வேலைத்தாள் விஷயத்தை உடனே தொடங்குகிறோம். சம்பளப் பங்கு, ஊழியர் எண்ணிக்கை இரண்டுக்கும் யாராவது சொல்லுங்கள். பள்ளி முடிப்பவர்களுக்குக் கோடை விடுமுறையில் ஆறு வார வேலை கொடுக்கும் யோசனையும் இருக்கிறது. அது பின்னால் நிரந்தர வேலைக்கு வழி செய்யுமா?

கணக்குமேசை:

கோடை வேலையிலிருந்து தொடங்குகிறேன், பதில் சின்னது. நியூயார்க்கில் கோடைக்கால இளைஞர் வேலையைக் குலுக்கல் முறையில்தான் ஒதுக்குகிறார்கள், அதனால் இடம் கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் ஒப்பிட முடிந்தது. அந்தக் கோடையில் வருமானம் வந்தது, பின்னாளில் சிறைக்குப் போவதும் இறப்பும் குறைந்தன. அடுத்த ஆண்டுகளின் சம்பளம் மட்டும் உயரவில்லை. சிகாகோவில் 8 வார வேலைக்குப் பிறகு வன்முறைக் குற்றங்களுக்காகக் கைதாவது 43 சதவீதம் குறைந்தது. ஆக, பிள்ளைகள் பத்திரமாக இருக்க அது உதவும். நிரந்தர வேலைக்கான படி என்று சொல்லி நிதி கேட்காதீர்கள், நிரூபிக்க முடியாது. நடத்துவதாக இருந்தால் முடிவில் மேற்பார்வையாளரிடமிருந்து திறன்மேசை சொன்ன பரிந்துரைக் கடிதத்தை மறக்காமல் வாங்குங்கள்.

ஊழியர் கணக்கு. மனநலச் சிக்கல் உள்ளவர்களை வேலையில் அமர்த்துவதற்கு அமெரிக்காவில் 1990களில் உருவாகிப் பல நாடுகளில் பரவிய ஐபிஎஸ் என்ற முறை உண்டு. அதில் ஓர் ஊழியருக்கு உச்சவரம்பு 20 பேர். அதோடு வாரம் குறைந்தது 6 முறை நிறுவனங்களை நேரில் சந்திக்க வேண்டும். எழுத்தில் இருப்பதே அப்படித்தான், அதைத் தணிக்கையும் செய்கிறார்கள். உங்கள் பிள்ளைகளுக்கு அவ்வளவு நெருக்கமான துணை தேவைப்படாது, 40 வரை போகலாம். அதற்கு மேல் போனால் ஊழியர் பதிவேடு நிரப்புபவராக மாறிவிடுவார். 40 என்பது ஒரே நேரத்தில் கையில் இருப்பவர்கள். பதிவு செய்தவர்கள் மொத்தமும் அல்ல. மூன்று ஊழியரில் ஒருவரை முழுக்க நிறுவனப் பக்கம் ஒதுக்குங்கள். மூன்று பேரும் எல்லாம் செய்வது என்று வைத்தால், அலுவலகத்தில் வந்து நிற்கும் பிள்ளையைக் கவனிப்பதிலேயே நாள் போகும். நிறுவனத்துக்குப் போவது "அடுத்த வாரம்" ஆகிவிடும்.

சேர்ந்த பிறகான தொடர்பு. அழைக்க வேண்டிய நாள்கள்: முதல் நாள் மாலை, மூன்றாம் நாள், முதல் சம்பளம் வந்த மறுநாள், 30, 60, 90. முதல் நாள் மாலை கேட்பது ஒரே கேள்வி: "நாளைக்கு எத்தனை மணிக்குக் கிளம்புவீங்க?" பதிலில் தயக்கம் தெரிந்தால் அங்கே ஏதோ சிக்கல். சம்பளத்துக்கு மறுநாள் ஏன் என்றால், பிடித்தம் போக வந்த தொகையைப் பார்த்து அன்றைக்குத்தான் பலர் விடுகிறார்கள். சம்பளச் சீட்டை வாங்கி வரிவரியாக விளக்கினால் பாதிப் பேர் நிற்பார்கள். உண்மையிலேயே குறைத்துக் கொடுத்திருந்தால் நிறுவனத்திடம் பேச அதுதான் நேரம். சூப்பர்வைசரையும் மூன்றாம் நாள், 30ஆம் நாள் அழையுங்கள். இரண்டு பக்கமும் கேட்காமல் ஒரு பக்கக் கதையை நம்பாதீர்கள்.

அமெரிக்காவின் 2014ஆம் ஆண்டு வேலை, பயிற்சிச் சட்டப்படி (WIOA) இளைஞர் திட்டங்களில் குறைந்தது 12 மாதம் தொடர் சேவை தர வேண்டும். திட்டத்தை விட்டு வெளியேறிய பின் இரண்டாவது காலாண்டிலும் நான்காவது காலாண்டிலும் வேலையிலோ படிப்பிலோ பயிற்சியிலோ இருக்கிறார்களா என்று அளக்கிறார்கள். சான் அன்டோனியோவில் 1992இல் தொடங்கிய புராஜெக்ட் குவெஸ்ட் என்ற தொழிற்பயிற்சித் திட்டம் பயிற்சிக் காலம் முழுக்க வாராவாரம் குழுச் சந்திப்பு நடத்துகிறது. அதில் சேர்ந்தவர்களின் கூடுதல் வருமானம் ஒன்பதாம் ஆண்டிலும் நிலைத்திருந்தது. இவ்வளவு நீண்ட பலனை நிரூபித்த திட்டங்கள் மிகக் குறைவு, அவற்றில் விடாத தொடர்பு பொதுவாக இருக்கிறது.

பதிவேட்டில் எண்கள் ஐந்து போதும்: பதிந்தவர், நேர்காணலுக்கு அனுப்பியவர், நேர்காணலுக்குப் போனவர், சேர்ந்தவர், 90ஆம் நாள் இருப்பவர். மூன்றாவதைத் தனியாக எழுதுங்கள். அனுப்பியதும் போனதும் ஒன்றல்ல. இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் இடையே பெரிய சரிவு என்றால் போக்குவரத்தோ சம்பள எதிர்பார்ப்போ காரணம். மூன்றுக்கும் நான்குக்கும் இடையே என்றால் உங்கள் வடிகட்டலும் வேலைத்தாளும் சரியில்லை. நான்குக்கும் ஐந்துக்கும் இடையே என்றால் அந்த நிறுவனத்தின் பெயரைச் சுற்றி ஒரு வட்டம் போடுங்கள். இருவர் மூவர் அதே இடத்திலிருந்து அதே வாரத்தில் விட்டிருப்பார்கள். "நியமனக் கடிதம் பெற்றவர்" என்ற பத்தியே பதிவேட்டில் வேண்டாம். அது இருந்தால் எல்லாரும் அந்த எண்ணைத்தான் மேலே அனுப்புவார்கள்.

இனி சம்பளப் பங்கு. ஜோர்டானில் கல்லூரி முடித்த பெண்களுக்கு ஆறு மாதச் சம்பள வவுச்சர் (வேலை கொடுக்கும் நிறுவனம் சம்பளத்துக்கு ஈடாகப் பணம் பெறும் சீட்டு) கொடுத்தபோது, அது நடப்பில் இருந்தவரை வேலையில் இருப்போர் விகிதம் 38 சதவீதப் புள்ளி உயர்ந்தது. வவுச்சர் முடிந்ததும் அந்த வித்தியாசம் ஏறக்குறையக் காணாமல் போனது. சம்பளத்தை மட்டும் மலிவாக்கினால் நடப்பது இதுதான். ஆகவே பணத்தைக் கற்றுக்கொடுக்கும் செலவுக்கான ஈடாகக் கொடுங்கள். அமெரிக்கப் பணியிடப் பயிற்சி ஒப்பந்தங்களில் சம்பளத்தில் 50 சதவீதம் வரை ஈடு கிடைக்கும், அங்கே பயிற்சி நிதியை நிர்வகிக்கும் உள்ளூர் வாரியம் நினைத்தால் 75 வரை உயர்த்தலாம். ஆனால் பயிற்சித் திட்டம் எழுத்தில் இருக்க வேண்டும்.

உங்கள் ஒப்பந்தத்தில் இவை இருக்கட்டும். எந்த வாரம் எந்தத் திறன், யார் கற்றுக்கொடுப்பார், கற்றார் என்பதை எப்படிச் சோதிப்பது. ஒரு பக்கம் போதும். பணம் மூன்று தவணை: 30ஆம் நாள் ஒரு பங்கு, 90ஆம் நாள் ஒரு பங்கு, ஈட்டுக்காலம் முடிந்து மேலும் 90 நாள் அதே ஆள் வேலையில் இருந்தால் பெரிய பங்கு. கடைசித் தவணை பெரிதாக இல்லாவிட்டால் 91ஆம் நாள் அவரை நிறுத்திவிட்டு அடுத்தவரைக் கேட்பார்கள். ஏற்கெனவே இருக்கும் தொழிலாளியை நீக்கிவிட்டு இவரை எடுக்கவில்லை என்று உறுதிமொழி. ஒரு நிறுவனத்துக்கு ஒரே சமயத்தில் இத்தனை பேர்தான் என்ற வரம்பு, அது அவர்களின் மொத்த ஆள்பலத்தின் ஒரு சிறு விகிதமாக இருக்கட்டும். முன்பு ஈடு பெற்றுச் சேர்த்தவர்களில் பாதிக்கு மேல் நிற்கவில்லை என்றால் அடுத்த முறை கிடையாது. ரசீதுக்குச் சம்பளச் சீட்டும் வங்கி வரவும் இரண்டும் வேண்டும், ஒன்று மட்டும் போதாது.

ஒரு எச்சரிக்கை: ஒப்பந்தத்தை ஆறு பக்கம் ஆக்கினால் சிறு பட்டறைக்காரர் தொடவே மாட்டார். பெரிய நிறுவனம், ஈடு இல்லாவிட்டாலும் ஆள் எடுத்திருக்கக்கூடியது, அது மட்டும் வந்து வாங்கிக்கொண்டு போகும். இரண்டு பக்கத்தில் முடியுங்கள், நிரப்பித் தருவது உங்கள் ஊழியர் வேலையாக இருக்கட்டும்.

பணிமனைப்பக்கம்:

கணக்குமேசை சொன்ன கடைசித் தவணை பற்றி ஒரு சின்னத் திருத்தம். பிள்ளை தானாகவே மேல்படிப்புக்கோ, அதிகச் சம்பளத்துக்கோ போனால் நிறுவனத்தின் கடைசித் தவணையை முழுதாக வெட்டாதீர்கள். வெட்டினால், போகவிடாமல் அனுபவச் சான்றை இழுத்தடிப்பார்கள். அந்த நிலையில் நாள் கணக்குப்படி பிரித்துக் கொடுங்கள்.

குழு அமைப்பையும் கவனியுங்கள். அதே 2014 சட்டத்தில் உள்ளூர் வாரியத்தின் பெரும்பான்மை தொழில் நிறுவனத்தாராகவும், ஐந்தில் ஒரு பங்காவது தொழிலாளர் தரப்பாகவும் இருக்க வேண்டும் என்று இருக்கிறது. உங்கள் நான்கு தரப்பில் சங்கம் ஒன்றுதான் நிறுவனப் பக்கம். தொழிலாளர் பக்கம் யாருமே இல்லை. சங்கத் தலைவர் கூட்டத்துக்கு வருவார், காலியிடம் தரமாட்டார். ஆள் எடுக்கும் அதிகாரம் உள்ள பணிமனை மேலாளர்கள் ஐந்தாறு பேரைச் சேர்த்து, மாதம் ஒருமுறை 45 நிமிடம் பேசுங்கள். ஒரே நிகழ்ச்சிநிரல்: சென்ற மாதம் அனுப்பியவர்களில் யார் நின்றார்கள், யார் போனார்கள், அடுத்த மூன்று மாதத்தில் எந்த வேலைக்கு ஆள் தேவை.

சட்டக்குறிப்பு:

எல்லாரும் விட்டுவிட்ட சில விஷயங்கள். வேலை தேடுபவரிடம் பதிவுக்கட்டணம், சீருடை முன்பணம், பயிற்சி வைப்புத்தொகை என்று எந்தப் பெயரிலும் பணம் வாங்கக் கூடாது. தனியார் வேலைவாய்ப்பு முகமைகள் பற்றிய 1997ஆம் ஆண்டு ஐஎல்ஓ (சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு) ஒப்பந்தம் 181இன் அடிப்படை விதியே அதுதான். நீங்கள் வாங்கமாட்டீர்கள், சரி. உங்களிடம் ஆள் எடுக்கும் ஒப்பந்ததாரர் வாங்குவார். வேலைத்தாளில் "இந்த வேலைக்கு யாருக்கும் பணம் கொடுக்க வேண்டாம், கேட்டால் இந்த எண்ணில் சொல்லுங்கள்" என்று பெரிய எழுத்தில் அச்சடியுங்கள். உண்மையான முதலாளி நிறுவனமா, ஒப்பந்ததாரரா என்பதும் தாளில் இருக்கட்டும். சம்பளம் நிற்கும்போது யாரிடம் கேட்பது என்ற குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

உங்கள் வயது வரம்பு 18இல் தொடங்கினாலும் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகளும் வருவார்கள். ஆபத்தான வேலைக்கு 18 வயது நிறைய வேண்டும் என்பது ஐஎல்ஓ ஒப்பந்தம் 138இன் பொது விதி, அதற்கு மேல் உங்கள் நாட்டுச் சட்டம். பவர் பிரஸ், கரைப்பான் புழங்கும் பிரிவு, உயரத்தில் வேலை, இரவு ஷிப்ட் என்று எழுதிய தாள்களைத் தனி நிறத் தாளில் அச்சடித்தால் அவசரத்தில் யாரும் மாற்றி அனுப்பமாட்டார்கள். வயதைச் சொல்லை வைத்து முடிவு செய்யாமல் ஆவணத்தை வைத்து முடிவு செய்யுங்கள்.

அசல் சான்றிதழ்களை நிறுவனம் வாங்கி வைத்துக்கொள்ளும் வழக்கத்தை ஒப்பந்தத்திலேயே தடுத்துவிடுங்கள். அடையாள ஆவணங்களைப் பிடித்து வைப்பதைக் கட்டாய உழைப்பின் அறிகுறிகளில் ஒன்றாக ஐஎல்ஓ பட்டியலிடுகிறது. அசலைப் பார்த்துச் சரிபார்த்து அன்றே திருப்பிக் கொடுக்க வேண்டும், நகல் மட்டும் கோப்பில் இருக்கலாம். மூன்றாம் நாள் அழைப்பில் கணக்குமேசை சொன்ன கேள்விகளோடு "சான்றிதழ் உங்க கையில இருக்கா?" என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.